கடத்தூர் ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓசூரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் கடையில் பயோடேட்டா பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிய டிப்ளமோ பசங்களில் நானும் ஒருவன். இன்டர்வியூ லெட்டரை நீட்டி இரண்டு காப்பி கேட்டவனிடம், "கூப்பிட்டவன் யாருன்னு பாத்தியா தம்பி?" என்றீர்களே, அவன்தான். எல்லாரிடமும் அதையே கேட்பீர்கள் என்பதால் இந்த அடையாளமும் உதவாது!

நம் ஊர் வெற்றிலைச் சந்தையில் கட்டைப் பிரித்துப் பார்க்காமல் யாரும் விலை பேசுவதில்லை. வேலை என்றால் மட்டும் லெட்டர் வந்ததுமே சட்டையை அயர்ன் பண்ணப் போய்விடுகிறோம்.

லெட்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்த 21 இலக்க நிறுவன அடையாள எண்ணை நீங்கள்தான் படிக்கச் சொல்லித் தந்தீர்கள். 'எல்' என்று தொடங்கினால் பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி, 'யு' என்றால் இல்லை. நடுவில் இருக்கும் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. ஓசூர் டைட்டனின் எண்ணில் 1984 இருப்பதைக் காட்டினீர்கள். என் லெட்டரில் 'கால் நூற்றாண்டு அனுபவம்' என்று இருந்தது, எண்ணிலோ 2019. நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "முன்னாடி பார்ட்னர்ஷிப்பா நடத்தியிருப்பாங்க. பொய்னு முடிவு கட்டாத, போய்க் கேளு."

அதைவிடப் பெரிய உதவி அடுத்தது. வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் கம்பெனி பெயரைத் தட்டினீர்கள். எந்த மாதத்துக்கு, எந்தத் தேதியில், எத்தனை பேருக்குப் பணம் கட்டினார்கள் என்று வரிசையாக வந்தது. இதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. மாதம் தவறாமல் கட்டியிருந்தார்கள், நல்ல விஷயம். ஆனால் போனில் அறுநூறு பேர் என்றார்கள். அங்கே இருந்தது நூற்றுச் சொச்சம். "மீதிப் பேரு கான்ட்ராக்டர் கணக்குல இருப்பாங்க, இல்ல அப்ரண்டிஸா இருப்பாங்க. உன்னை எதுல எடுக்கறாங்கன்னு கேளு" என்றீர்கள். பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனி என்றால் இந்தச் சிரமமே இல்லை, நிரந்தரத் தொழிலாளர் எத்தனை, மற்றவர் எத்தனை என்று ஆண்டறிக்கையிலேயே பிரித்துப் போட்டிருப்பார்கள் என்றும் சொன்னீர்கள்.

இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள். கேட்டேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டு நேராகவே சொன்னார்: முதல் வருடம் அப்ரண்டிஸ்தான். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சியாளர், தொழிலாளர் அல்ல. உதவித்தொகை உண்டு, பி.எஃப். கிடையாது. தெரிந்தே சேர்ந்தேன். அந்தத் தொகைக்குள் வாடகையும் மெஸ் காசும் அடங்கும்படி அறை பிடித்தேன். என்னோடு சேர்ந்தவர்களில் சிலருக்கு முதல் மாதப் பணம் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

இதற்கெல்லாம் நீங்கள் வாங்கியது இரண்டு காப்பிக்கான காசு. நன்றி அண்ணா.

அடுத்து என் சித்தி பையன் வருவான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று யாரோ ஏஜெண்ட் வாட்ஸ்அப்பில் லெட்டர் அனுப்பியிருக்கிறார். 2022இல் இப்படித் தாய்லாந்துக்கு என்று போனவர்களை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி மோசடி வேலை செய்யவைத்த கதையைச் சொல்லியும் கேட்கமாட்டேன் என்கிறான். அந்த ஏஜெண்ட் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் பட்டியலில் இருக்கிறாரா என்று அவன் கண் முன்னாலேயே தேடிக் காட்டுங்கள். பிரிண்ட் எடுத்துக் கையிலும் கொடுத்துவிடுங்கள். காசை நான் ஜிபே பண்ணிவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கடையில் காப்பி எடுத்தவன்