ரெண்டாயிரம் பேருக்கு ஒரே பீரங்கி

பி.காம் படிக்கிறவனுக்கும் ட்ரையத்லானுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின ராத்திரி மனுஷன் யூட்யூபில் எதையெதையோ பார்ப்பான். நான் பார்த்தது ஹவாயின் கோனாவில் நடந்த பழைய அயர்ன்மேன் போட்டிகள். அதிலும் முதல் ஐந்து நிமிடம் மட்டும், திரும்பத் திரும்ப.

தெரியாதவர்களுக்காக: 3.8 கிலோமீட்டர் நீச்சல், கரையேறி 180 கிலோமீட்டர் சைக்கிள், இறங்கி 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில், பொதுவாக 17 மணி நேரத்துக்குள். 1978-ல் ஓவாஹு தீவில் முதல் அயர்ன்மேன் நடந்தபோது கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 15 பேர் சேர்ந்து கடலில் இறங்கினால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அந்த 15 பின்னாளில் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் ஆனதில்தான் வந்தது வினை.

கைலுவா விரிகுடாவில் பீரங்கி முழங்கும். அடுத்த நொடி கடல் கொதிக்கிற மாதிரி ஆகிவிடும். முன்னால் போகிறவன் கால் உங்கள் மூக்கில், பின்னால் வருகிறவன் கை உங்கள் முதுகில். நீச்சல் கண்ணாடி கழன்று போவதெல்லாம் சகஜம். இதற்குப் பெயர் மாஸ் ஸ்டார்ட். செல்லப் பெயர் 'வாஷிங் மெஷின்'. பார்க்கப் பிரமாதமாக இருக்கும், உள்ளே இருப்பவன் பாடுதான் திண்டாட்டம்.

இதற்கு மாற்றாக வந்தது ரோலிங் ஸ்டார்ட். 2013-ல் அயர்ன்மேன் நிறுவனம் நீச்சல் பாதுகாப்புக்காக வட அமெரிக்காவில் சில மாற்றங்களைக் கொண்டுவந்தது. கோர் டலேன், லேக் ப்ளாசிட் போட்டிகளில் அந்த வருடமே இந்த முறை வந்துவிட்டது. எவ்வளவு நேரத்தில் நீந்துவோம் என்று நீங்களே ஒரு கணக்குப் போட்டு, அந்த நேரத்துக்கான இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சம் பேராகத் தண்ணீரில் விடுவார்கள். கணுக்காலில் கட்டிய சிப் தரைவிரிப்பைத் தாண்டும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். ஜெர்மனியின் ரோத் போட்டியில் வேறு வழி: குறுகலான கால்வாயில் நீச்சல் என்பதால் கூட்டத்தைப் பிரித்து அலை அலையாக அனுப்புகிறார்கள்.

இதை ஹாஸ்டல் அறை நண்பனிடம் சொன்னேன். கிரிக்கெட்டைத் தவிர எதையும் விளையாட்டு என்று ஒத்துக்கொள்ளாதவன், இதற்கு மட்டும் எழுந்து உட்கார்ந்தான்.

"மச்சி, எல்லாரும் ஒண்ணா கிளம்பினாத்தான்டா ரேஸ். ஆளுக்கொரு நேரத்துல கிளம்பினா அது ரேஷன் கடை க்யூ."

சிரித்துவிட்டேன். ஆனாலும் விடவில்லை, ஒரு ஆய்வின் எண்களைக் காட்டினேன். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த ட்ரையத்லான்களைப் பற்றி 2017-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. விபத்துக் காயங்களைத் தள்ளிவிட்டு, திடீரென்று இறந்தவர்கள், இதயம் நின்று பிழைத்தவர்கள் என்று மொத்தம் 120 பேர். இவர்களில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலில். சைக்கிளில் 7, ஓட்டத்தில் 15, முடித்த பிறகு 8. நாளிலேயே சின்னப் பகுதி நீச்சல்தான், நாலில் மூன்று பங்கு அங்கேதான்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இதை வைத்துக் கூட்டம்தான் கொன்றது என்று சொல்ல முடியாது. பிரேதப் பரிசோதனை விவரம் கிடைத்த 61 பேரில் 27 பேருக்கு இதயத்திலோ ரத்தக் குழாயிலோ ஏற்கெனவே கோளாறு இருந்திருக்கிறது. ரோலிங் ஸ்டார்ட் யாருடைய இதய அடைப்பையும் சரி செய்யாது.

பிறகு எதற்கு அது? எங்கள் அம்மா ஊர்க் கிணற்றில் இதற்குப் பதில் இருக்கிறது. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி எங்களை நீந்தப் பழக்கிய மாமா போட்ட ஒரே சட்டம்: குதித்தவன் தலை மேலே தெரிந்த பிறகுதான் அடுத்தவன் குதிக்கணும். ரெண்டு பேர் சேர்ந்து குதித்தால் எவன் தலை இன்னும் வரவில்லை என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. கோனாவிலும் அதே கதைதான். ரெண்டாயிரம் கைகள் மேலே எழுந்து விழும்போது உதவி கேட்டு உயரும் ஒரு கையைப் படகில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

நண்பன் அசரவில்லை. "அது கிணறு. இது பந்தயம். கிணத்துல யாருக்குடா மெடல் குடுத்தாங்க?"

அவன் கேட்டதிலும் விஷயம் இருக்கிறது. கடைசி கிலோமீட்டரில் உயிரைக் கொடுத்து ஓடி ஒருவரை முந்துகிறீர்கள். அவர் உங்களுக்குப் பத்து நிமிடம் கழித்துக் கடலில் இறங்கியவர் என்றால் ஜெயித்தது அவர்தான். அது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போய் ரிசல்ட் பார்த்துத் தெரிந்துகொள்வதற்குப் பெயர் பந்தயமா?

எங்கள் பாடத்தில் ஒரு விஷயம் உண்டு. ஒரு கம்பெனியின் கணக்கு வருடம் மார்ச்சில் முடியும், இன்னொன்றுக்கு டிசம்பரில். ரெண்டும் 12 மாதம்தான், ஆனால் அதே 12 மாதம் இல்லை. இடையில் சரக்கு விலை ஏறியிருந்தால் ரெண்டு லாபத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தப்பு. சிப் நேரமும் அப்படித்தான். பகல் ஏற ஏற காற்றும் வெயிலும் கூடும் இடத்தில், கடைசியாக இறங்கியவருடைய பத்து மணி நேரமும் முதலில் இறங்கியவருடைய பத்து மணி நேரமும் ஒன்றில்லை.

அப்படியானால் தீர்ப்பு? யார் யாரோடு போட்டி போடுகிறார்கள் என்று பார்த்தால் போதும் என்பது என் கட்சி. கோனாவில் 2014-ல் வயதுப் பிரிவு ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக அனுப்பினார்கள். 2019-ல் வயதுப் பிரிவுகளையும் பிரித்து அலை அலையாக விட்டார்கள். ஒரே பரிசுக்கு மோதுகிறவர்கள் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். மற்றவர்கள் தள்ளி நிற்பார்கள். இதிலும் ஓட்டை உண்டு, பின்னால் வரும் அலையின் வேகமானவர்கள் முன்னால் போன அலையின் மெதுவானவர்கள் மேல் ஏறித்தான் போக வேண்டும். ஆனாலும் ஒரே நேரத்தில் ரெண்டாயிரம் பேர் என்பதைவிட அது தேவலை.

பரிசைப் பற்றிய நினைப்பே இல்லாமல், 17 மணி நேரத்துக்குள் முடித்தால் போதும் என்று வருகிறவர்கள்தான் எந்தப் போட்டியிலும் அதிகம். அவர்களுக்கு எதிராளி கடிகாரம் மட்டும்தான். அந்தக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி ஆரம்பிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு வருடம் விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்த ஒரு ஐம்பது வயதுக்காரர், வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர், முதல் 200 மீட்டரில் அடுத்தவர் காலில் உதை வாங்கி மூச்சுத் திணறிக் கரை திரும்பினால், அதில் என்ன வீரம் இருக்கிறது?

பீரங்கிச் சத்தம் போய்விடும்தான். எனக்கும் வருத்தமே. அந்த ஐந்து நிமிடத்தை யூட்யூபில் பார்த்துக்கொள்ளலாம், அங்கே யாரும் மூழ்குவதில்லை.

பி.கு: நண்பன் இன்னும் ரேஷன் கடை க்யூ என்றுதான் சொல்கிறான். க்யூவில் நின்றால் எல்லோருக்கும் அரிசி கிடைக்குமே, அதைச் சொன்னேன். பதில் இல்லை :-)