முட்டு மரத்தின் விலை

ஆலையிலோ சுரங்கத்திலோ விபத்தொன்று நிகழ்ந்தவுடன் எழுகின்ற முதல் வினா, தவறிழைத்தவன் யார் என்பதேயாகும். அமெரிக்கக் காப்புறுதிக் கம்பனியொன்றிற் பணியாற்றிய ஹைன்றிச் என்பார் 1931இல் வெளியிட்ட நூலிலே, விபத்துகளில் 88 வீதமானவை தொழிலாளரின் பாதுகாப்பற்ற செயல்களால் விளைவன எனக் கணித்தார். பல தசாப்தங்களாக எடுத்தாளப்பட்ட கணிப்பு இது. எனினும் அவர் ஆராய்ந்த விபத்து அறிக்கைகள் பெரும்பாலும் மேற்பார்வையாளரால் எழுதப்பட்டவை. காயமுற்றவன் எழுதியவையல்ல என்பது நோக்கத்தக்கது.

தன் உயிருக்கே ஆபத்தென அறிந்தும் ஒருவன் ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றான்? பிரெஞ்சு நாவலாசிரியர் எமில் சோலாவின் 'ஜெர்மினல்' (1885) இவ்வினாவை எந்த அறிக்கையையும் விடத் தெளிவாக விளக்குகின்றது. நிலக்கரிச் சுரங்கத்திற் கூரை இடியாதிருக்க முட்டு மரங்கள் நாட்டப்படல் வேண்டும். ஆனால் கூலியோ வெட்டிய கரிக்கு மட்டுமே. மரம் நாட்டும் நேரம் கூலியற்ற நேரம். ஆகவே அவ்வேலை அரைகுறையாகவே நடைபெறுகின்றது. கம்பனி முதலில் தண்டம் விதிக்கின்றது. பின்னர் மர வேலைக்குத் தனிக்கூலி தர முன்வருகின்றது. அதே வேளையில் ஒரு வண்டிக் கரியின் விலையை 50 சதத்திலிருந்து 40 சதமாகக் குறைத்துவிடுகின்றது! பாதுகாப்பின் பெயராற் கூலியே வெட்டப்பட்டது என்பதைத் தொழிலாளர் கணக்குப் பார்த்து உணர்கின்றனர். வேலைநிறுத்தம் மூளுகின்றது. அதற்கு முன்னரே கூரை சரிந்து ஒருவன் மடிகின்றான். ஒரு சிறுவனின் கால்கள் முறிகின்றன. இவ்விபத்தை 'தொழிலாளியின் கவனயீனம்' என்ற பத்தியில் எழுதிவிடுதல் எளிது.

கவனயீனம் என்பதே இல்லையென்று வாதிடுவது மிகையாகும். பழக்கம் அச்சத்தை மழுங்கச் செய்வது மனித இயல்பு. ஆயினும் கீழுள்ளோரின் நடத்தை மாறவேண்டுமாயின் மேலுள்ளோரின் நடத்தையே முதலில் மாறவேண்டும். 1987இல் அமெரிக்க அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் தலைமையை ஏற்ற போல் ஓநீல், எவரேனும் காயமுற்றால் 24 மணித்தியாலத்துள் அப்பிரிவின் தலைவரே தமக்கு அறிவிக்க வேண்டுமெனவும், அது மீண்டும் நிகழாதிருக்கும் வழியையும் உடன் கூற வேண்டுமெனவும் பணித்தார். நூறு தொழிலாளருக்கு 1.86 ஆகவிருந்த காய வீதம் 2000ஆம் ஆண்டளவில் 0.2 வரை தாழ்ந்தது. மெக்சிக்கோ ஆலையொன்றிலே தொழிலாளர் நச்சு வாயுவாற் பாதிக்கப்பட்ட செய்தி 1996இல் பங்குதாரர் கூட்டத்திலே ஒரு கன்னியாஸ்திரி எழுந்து கூறியபோதே தலைவருக்குத் தெரியவந்தது. விசாரணையின் பின் வேலை இழந்தவர் தொழிலாளி அல்லர்; செய்தியை மேலே அறிவியாதிருந்த உயர் அதிகாரி.