செவ்வங்கி வீரனும் நாமும்

கல்லூரியில் இலக்கணம் புகட்டும் ஆசிரியன் ஒருவன், நாற்பத்தேழாவது வயதில், தொலைக்காட்சிப் பெட்டியோடு பிணைத்து ஆடும் விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டால் எம் மாணவர் நகைப்பர் என்பதை நாம் அறிவோம். நகைக்கட்டும். சென்ற மார்கழி விடுமுறையில் அவ்விளையாட்டு எம்மைப் பார்த்து நகைத்த நகைப்பின் முன் அவர்தம் நகைப்பு எம்மாத்திரம்!

மேற்படிப்பின் பொருட்டு வெளிநாடு ஏகிய எம் தமக்கையின் மகன், தன் பழைய பிளேஸ்டேசன் 2 பொறியையும் சப்பாத்துப் பெட்டியொன்று நிறைய இறுவட்டுகளையும் எமது இல்லத்தில் ஒப்படைத்துச் சென்றிருந்தான். பெறுபேறு குறைந்தால் அதைத் தூக்கிப் பரணில் வைப்போம் என்று பதின்மூன்று வயது மகளை இருமுறை எச்சரித்ததைத் தவிர, அப்பொறிக்கும் எமக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. கல்லூரி முடிந்தால் மாலை வகுப்பு. அது முடிந்தால் விடைத்தாள். வாரத்தின் ஏழு மாலைகளுள் ஆறு எம்முடையன அல்ல. அந்த மார்கழியில் எமக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாள்களுக்கு வாய் திறத்தலாகாது என்றார் வைத்தியர். வாயில்லாத ஆசிரியனுக்கு வகுப்பேது? மாலையில் விறாந்தையில் கொத்தமல்லித் தண்ணீரோடு சும்மா இருக்கலானோம். சும்மா இருப்பதும் ஒரு கலை என்பதும், அதில் எமக்குப் பயிற்சி போதாதென்பதும் இரண்டாம் நாளே தெரிந்தன. மூன்றாம் நாள் மெல்ல எழுந்து மகளின் அருகிற் போய் அமர்ந்தோம்.

திரையில் ஒரு படமாளிகை தெரிந்தது. ஏறக்குறைய வெறுமையான அம்மாளிகையில் ஜோ என்னும் இளைஞனும் சில்வியா என்னும் அவன் காதலியும் இருக்கின்றனர். பழைய வீரசாகசப் படம் ஓடுகின்றது. அதன் நாயகன் 'கப்டன் புளூ' என்னும் நீல வீரன். ஜோ வாய்பிளந்து படத்தைப் பார்க்கின்றான். அவள் அவன் தன்னைப் பார்க்கவில்லையே என்று சிணுங்குகின்றாள். திடீரெனத் திரைக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவளைக் கவர்ந்து உள்ளே இழுத்துக்கொள்கின்றது. சற்றுநேரத்தில் அவனும் திரைக்குள் இழுக்கப்படுகின்றான். உள்ளே நீல வீரன் அவனுக்கு ஒரு கைக்கடிகாரத்தை அளிக்க, அதன் வலியால் அப்பாவி இரசிகன் தலைக்கவசமும் செவ்வங்கியும் பூண்ட அதிவீரனாக உருமாறுகின்றான். இடமிருந்து வலமாக ஓடி, எதிர்ப்படுவோரை உதைத்துத் தள்ளிச் சில்வியாவை மீட்க வேண்டும். இவ்வளவுதான் கதை. விளையாட்டின் பெயர் 'வியூட்டிபுல் ஜோ'. அழகு என்னும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியை அகற்றிப் பார்வை என்னும் சொல்லை அங்கே ஒட்டியிருக்கின்றனர். சிலேடையைக் கண்டதும் எம்முள்ளிருந்த பண்டிதர் விழித்துக்கொண்டார்.

இதனை ஆக்கியோர் யப்பானின் ஒசாக்கா நகரத்துக் கப்கொம் நிறுவனத்தார். 2003ஆம் ஆண்டு நின்ரெண்டோவின் கேம்கியூப் பொறிக்காக வெளிவந்து, மறு ஆண்டு பிளேஸ்டேசன் 2இற்கும் வந்து சேர்ந்தது. நெறியாண்டவர் ஹிடெக்கி கமியா. அச்சமூட்டும் 'ரெசிடென்ட் ஈவில் 2' (1998), வாள்வீச்சு மிகுந்த 'டெவில் மே கிரை' (2001) ஆகியவற்றின் நெறியாளரும் இவரே. யப்பானியச் சிறார் 1971 முதல் 'கமென் ரைடர்' போன்ற தொலைக்காட்சித் தொடர்களைக் கண்டு வளர்ந்தவர்கள். சாதாரண மனிதன் ஒருவன் உரத்த குரலில் ஒரு சொல்லைக் கூவிக் கைகளை வீசியதும் முகமூடி வீரனாக மாறுவான். இறப்பர்த் தோலணிந்த அரக்கர் வெடித்துச் சிதறுவர். பெரியோர் கண்ணுக்கு வேடிக்கை; பிள்ளைகளுக்கு வேதம். அந்தப் பழைய தொடர்களைக் கேலி செய்வதுபோலத் தோன்றும் இவ்விளையாட்டு, உண்மையில் அவற்றை நெஞ்சார நேசிக்கின்றது. நேசிக்காதவனாற் கேலி செய்யவும் இயலாது என்பது எமது கட்சி. வில்லன்களுள் முதல்வன் வௌவால் உருவினன். பெயர் மூன்றாம் சாள்ஸ்! அப்பெயரோடு 2022இல் உண்மையாகவே ஓர் அரசர் அரியணை ஏறுவார் என்பதைப் பெயரிட்டவர் அன்று அறிந்திருப்பாரோ? அவனுக்கு அடுத்தவன் காண்டாமிருகம், பின்னர் வருபவன் சுறா.

ஆனால் எம்மைக் கட்டிப்போட்டது வேறொன்று. ஜோவுக்கு வாய்த்த வரங்கள் வாளுமல்ல, வேலுமல்ல, சினிமாத் தந்திரங்கள். காலத்தை மெதுவாக்கலாம், விரைவாக்கலாம், உருவத்தை அண்மைக் காட்சியாகப் பெருப்பிக்கலாம். மெதுவாக்கினால் பாய்ந்துவரும் குண்டு மிதந்து வரும். அவன் குத்துக்கும் வலிமை ஏறும். விரைவாக்கினால் கையுங்காலும் சுழன்று அவன் உடலே தீப்பற்றும். அண்மைக் காட்சியில் அவன் காட்டும் வீறாப்பைக் கண்டே பகைவர் வெலவெலத்துப் போவர். விசிறியின் வலியால் மேலே நிற்கும் ஒரு தட்டைக் கீழே இறக்க வேண்டுமாயின், காலத்தை மெதுவாக்கி விசிறியைச் சோர்வடையச் செய்ய வேண்டும். உயர்த்த வேண்டுமாயின் விரைவாக்க வேண்டும். இவ்வரங்களுக்கும் அளவுண்டு. திரையின் மேற்புறத்தில் உள்ள சக்தி தீர்ந்தால் அங்கியும் கவசமும் கழன்று பழைய ஜோவாகி அடிவாங்க வேண்டியதுதான்.

இதைக் கண்டபோது எமக்கு எண்பதுகளின் பிற்பகுதி நினைவுக்கு வந்தது. சாமத்திய வீடுகளிலும் கலியாண வீடுகளிலும் வாடகைக்குத் 'டெக்' எடுத்து, மின்பிறப்பாக்கியை வேலியோரம் உறும விட்டு, விடியும்வரை படம் பார்த்த காலம் அது. டெக் இயக்கும் அண்ணர் கையிலே காலமே அடங்கியிருந்தது. பாட்டு வந்தால் ஓட்டிவிடுவார். பெண்கள் கூச்சலிட்டால் திருப்பிவிடுவார். சண்டை வந்தால் சிறுவர் நாம் கெஞ்சக் கெஞ்ச ஒரு குத்தை மெதுவாக்கிக் காட்டுவார். படத்து நாயகனிலும் அவரே பெரிய வீரர் என்பது எமது அன்றைய முடிபு. யப்பானில் யாரோ ஒருவர் அந்த அண்ணரின் விரல்களை எடுத்து ஒரு வீரனுக்குப் பூட்டிவிட்டார் போலும்!

ஆட வாய்ப்புக் கேட்டுச் சைகை காட்டினோம். தொடக்கத்திலேயே சிறுவர் நிலை, பெரியோர் நிலை என இரண்டு காட்டப்பட்டன. ஆசிரியன் எதனைத் தெரிவான்? பெரியோர் நிலையில் நுழைந்து, சிறிதுநேரத்திற்குள் மூன்று தரம் மாண்டோம். பகைவன் அடிக்குமுன் மேலேயோ கீழேயோ ஒரு மண்டையோட்டுக் குறி தோன்றும். மேலே தோன்றினால் குனிய வேண்டும், கீழே தோன்றினால் துள்ள வேண்டும். நாமோ குறியைக் காணுமுன்பே கண்ட பொத்தான்களையெல்லாம் அமுக்கிக்கொண்டு முன்னே பாய்ந்தோம். பாடத்திட்டத்தை முடிக்கப் பாயும் அதே பாய்ச்சல்.

"அப்பா, ஆறுதலாப் போங்கோ," என்றாள் மகள். "எல்லாத்தையும் ஓடி ஓடி அடிக்கேலாது. மெதுவாக்கிற பொத்தானை அமத்திப்போட்டு, அவன் என்ன செய்யிறான் எண்டு முதல்ல பாருங்கோ."

மறுமொழி சொல்லக் குரலில்லை. ஆதலால் கேட்டோம். வாய் மூடிய அந்தப் பத்து நாள்களிலே மகள் பேச நாம் கேட்டது, அதற்கு முந்திய பத்து மாதங்களிற் கேட்டதிலும் அதிகம் என்று இல்லத்தரசி அடுக்களையிலிருந்து கணக்குச் சொன்னார். அவர் கணக்கில் பிழை விடுபவரல்லர்.

நீல வீரன் எம்மைப் பெரிதும் சிரிப்பித்தான். பருத்த உடம்பு, பெருமித நடை, இடையிடையே தோன்றி உபதேசம். வீரனுக்குரிய ஒழுக்கங்களை அவன் விளக்கும்போதெல்லாம் நாம் ஒரு தாளை எடுத்து, 'காலைப் பிரார்த்தனையில் பேசும் பெரியவர் ஒருவரைப் போல்' என்று எழுதிக் காட்டுவோம். மகளும் சிரிப்பாள். ஆயினும் அச்சிரிப்பு முழுமையாக இல்லாததை நாம் அப்போது கவனிக்கவில்லை.

ஏழாம் நாள் நெருப்புச் சிங்கம் ஒன்றைச் சந்தித்தோம். அதனைப் பற்றி விரிவாக எழுத எமக்கு மனமில்லை. இரண்டு மாலைகள் எரிந்தோம். ஈற்றில் கட்டுப்பாட்டுக் கருவியை மகளிடம் கொடுத்தோம். அவள் குறியைப் பார்த்து, மெதுவாக்கி, விலகி, அடித்து, அலட்டிக்கொள்ளாமல் முடித்தாள். பலமுறை சென்ற பாதையிற் செல்பவளின் கை அது.

அதன்பின் வந்த இறுதிப் பகைவன் நீல வீரனே!

உபதேசித்தவனே கள்வர் தலைவன். அவன் முன்னாளிலே புகழ்பெற்ற திரைப்பட நெறியாளன். புகழ் மங்கியது, பார்க்க ஆளில்லாது போயிற்று. தான் படைத்த படத்துக்குள்ளேயே புகுந்து அங்கேயே அகப்பட்டுக்கொண்டான். வெளியுலகுக்கு மீளச் சில்வியா வேண்டும் என்றே அவளைக் கவர்வித்தான். ஏனெனில் சில்வியா அவன் மகள்.

எழுதுகோலை எடுத்தோம், எழுத ஒன்றும் வரவில்லை.

"உனக்கு முதலே தெரியுமோ?" என்று குரல் கரகரக்கக் கேட்டோம். வைத்தியர் விதித்த நாள் முடிய இன்னும் ஒருநாள் இருந்தது.

"ஆவணியில முடிச்சிட்டன். உங்களுக்குக் காட்டோணும் எண்டு இருந்தனான். நீங்கள் வகுப்பு முடிஞ்சு வரேக்க நான் நித்திரையாப் போடுவன்." முறைப்பாட்டின் சாயல் அதில் இல்லை. பேருந்து நேரத்தைச் சொல்வதுபோற் சொன்னாள். சற்றுப் பொறுத்து, "அவர் கூடாத ஆளில்லை அப்பா. கடைசியில திருந்தீடுவார். அவளுக்கும் ஒரு மணிக்கூடு குடுப்பார்," என்றும் சேர்த்தாள்.

அவள் சொன்னது மெய். கடைசியில் சில்வியாவும் வீராங்கனையாகின்றாள். 2004இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோவுக்குச் சமமாக நின்று போரிடுகின்றாளாம். அதனைப் படைத்தது, கப்கொம் தன் உடைமையாக அமைத்த குளோவர் என்னும் கலைக்கூடம். 2007இல் அது மூடப்பட்டுவிட்டது. எம் மருமகனின் சப்பாத்துப் பெட்டியை இருமுறை கவிழ்த்துப் பார்த்தோம். இரண்டாம் பாகம் அதில் இல்லை. கொழும்பில் உள்ள நண்பர் ஒருவருக்குச் சொல்லி வைத்திருக்கின்றோம். எதற்கு என்று கேட்டார். பாட நூல் என்றோம்.

தைமாதம் பிறந்ததும் செவ்வாய், வியாழன் வகுப்புகளைக் காலைக்கு மாற்ற முயன்றோம். செவ்வாய் மாத்திரம் வாய்த்தது. வியாழன் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் உடன்படவில்லை.

முதலாம் பாகத்திலேயே, ஒருமுறை முடித்தபின், சில்வியாவை ஆட்டுவிக்கவும் வழி உண்டு. கடந்த செவ்வாய் மாலை மகள் அவளைத் தெரிந்துகொண்டாள். கருவிக்காக நாம் கை நீட்டினோம்.

"இல்லை அப்பா," என்றாள். "இந்தமுறை நீங்கள் இருந்து பாருங்கோ."

கதிரையை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம். வௌவால் வந்தது.