ட்ரியெஸ்தே: காற்று, காபி, ஒரு நீலக் குதிரை!

"இத்தாலியா? ரோமா, வெனிஸா?" என்று அலுவலகத்தில் எல்லோரும் கேட்டார்கள். "ட்ரியெஸ்தே" என்றேன். "அது பாஸ்தா பேராச்சே?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அக்கா இயற்பியல் ஆய்வுக்காக மூன்று மாதம் அங்கே போகும்வரை எனக்கும் அந்த ஊர் தெரியாது. அதன்பிறகுதான் மேப்பில் தேடினேன். இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனியாவுக்கும் கடலுக்கும் நடுவே மெலிந்து நீளும் நிலத்தின் நுனியில் இருந்தது. "அம்மாவைக் கூட்டிட்டு வாடா. பத்து நாள் இருந்துட்டுப் போகலாம்" என்றாள் அக்கா. அம்மாவுக்கு அதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். எனக்கும்தான்.

துபாய் வழியாக வெனிஸ். அங்கே மெஸ்த்ரே ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம். நீங்கள் போவதாக இருந்தால் வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடியுங்கள். முக்கால்வாசி தூரம் வயலும் தொழிற்சாலையுமாகச் சாதாரணமாகப் போகும் ரயில், மொன்ஃபால்கோனே தாண்டியதும் சட்டென்று ஒரு மலை விளிம்புக்கு வந்துவிடும். கீழே முழுக்கக் கடல். தூரத்தில் ஒரு பாறை நுனியில் வெள்ளைக் கோட்டை. அம்மா என் தோளை உலுக்கி, "டேய், கடலைப் பாரு, கடலைப் பாரு" என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இறங்கியதும் முதலில் தோன்றியது, இது இத்தாலி மாதிரியே இல்லையே என்பதுதான். சினிமாவில் பார்த்த குறுகிய சந்துகளையும் கொடியில் காயும் துணிகளையும் காணோம். நேர்க்கோட்டில் அகலமான தெருக்கள், கம்பீரமான கட்டடங்கள். காரணம் இருக்கிறது. 1382 முதல் 1918 வரை ஏறக்குறைய முழுக் காலமும் இந்த ஊர் ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்திடம் இருந்தது. அந்தப் பெரிய சாம்ராஜ்யத்துக்குக் கடல் வாசல் இதுதான். 1719-ல் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதைச் சுங்க வரியில்லாத துறைமுகமாக அறிவித்தார். கிரேக்கர்கள், செர்பியர்கள், யூதர்கள், ஆர்மீனியர்கள் எனப் பலரும் வியாபாரத்துக்கு வந்து குவிந்தார்கள். அவர் மகள் மரியா தெரசா, உப்பளங்களைத் தூர்த்து ஒரு புதிய நகர்ப் பகுதியையே கட்டினார். அதன் நடுவே வெட்டிய கால்வாயின் கரையில் இன்று நின்றால், ஒரே பார்வையில் கத்தோலிக்க தேவாலயமும் நீலக் குவிமாடங்கள் கொண்ட செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் தெரியும். கொஞ்சம் நடந்தால் 1912-ல் கட்டிய பிரமாண்டமான யூத ஜெப ஆலயம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு சாம்ராஜ்யம் கலைந்தது. ஊர் இத்தாலிக்குப் போனது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, யாருக்குச் சொந்தம் என்ற சண்டையில் 1947 முதல் 1954 வரை தனிப் பிரதேசமாக நின்று, மறுபடி இத்தாலியோடு சேர்ந்தது. அரண்மனை போன்ற வீடு, ஆனால் கூட்டுக்குடும்பம் பிரிந்து போய்விட்டது. ட்ரியெஸ்தேயைப் பற்றி எனக்குத் தோன்றியது இதுதான்.

மாலையில் ஊரே கூடும் இடம் பியாட்ஸா உனிதா சதுக்கம். மூன்று பக்கம் மாளிகைகள், நான்காவது பக்கம் நேராகக் கடல். சுவரோ வேலியோ கிடையாது. விளக்கு ஏற்றிய பிறகு அது ஒரு கல்யாண மண்டபம் போல ஜொலிக்கிறது. குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், தாத்தாக்கள் நாயோடு நடக்கிறார்கள். இதே சதுக்கத்தில்தான் 1938 செப்டம்பரில் முசோலினி யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களை அறிவித்தார் என்று அக்கா சொன்னபோது, கையில் இருந்த ஐஸ்கிரீமைச் சாப்பிடவா வேண்டாமா என்று ஒரு நொடி தயங்கினேன். பிறகு சாப்பிட்டுவிட்டேன்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை மேட்டிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து வரும் 'போரா' என்ற காற்றுக்கு இந்த ஊர் பிரபலம். குளிர்காலத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை எல்லாம் சர்வசாதாரணமாகத் தாண்டுமாம். அந்தக் காலத்தில் மக்கள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருக்களில் கயிறு கட்டி வைத்திருப்பார்களாம். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி என்பதால் போராவின் தங்கச்சி மட்டும்தான் வந்தாள். அதற்கே அம்மா புடவைத் தலைப்பை இரண்டு சுற்று சுற்றிச் சொருகிக்கொண்டார்.

அம்மா கும்பகோணம். வெளியூர்க் காபி எதையும் காபி என்றே ஒப்புக்கொள்ளாதவர். ஆனால் ட்ரியெஸ்தேயில் காபிக்கு என்று தனி பாஷையே இருக்கிறது. எஸ்பிரஸோ வேண்டும் என்றால் 'நேரோ', அதாவது கறுப்பு. 'காப்போ' என்றால் கொஞ்சம் பால் நுரை சேர்த்தது. 'காப்போ இன் பி' என்றால் அதையே சின்னக் கண்ணாடி கிளாஸில் தருவார்கள். இத்தாலியின் மற்ற ஊர் நினைப்பில் கப்புச்சினோ கேட்டால் இங்கே சின்னக் கோப்பைதான் வரும். துறைமுகத்தில் காபிக் கொட்டை இறங்க ஆரம்பித்து 200 வருடங்களுக்கு மேலாகிறது. உலகமெங்கும் விற்கும் 'இலி' காபி நிறுவனம் 1933-ல் இங்கேதான் பிறந்தது.

1914-ல் திறந்த கஃபே சான் மார்கோவில் உட்கார்ந்தோம். பளிங்கு மேஜை, மங்கலான தங்க நிற விளக்கு, உள்ளேயே புத்தகக் கடை. கிளாஸில் வந்த காபியை அம்மா ஒரு வாய் குடித்தார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "டபராதான் இல்லை" என்றார். பத்து நாளில் அவர் கொடுத்த மிகப் பெரிய பாராட்டு அது. இன்னொன்று, வெண்ணெயும் சர்க்கரையும் பட்டைப்பொடியும் தூவி வந்த 'நியோக்கி'. உருளைக்கிழங்கு மாவு உருண்டைக்குள் முழு பிளம் பழம் வைத்து வேகவைத்தது. "இது கொழுக்கட்டைடா!" மற்றபடி இந்த ஊரின் பாரம்பரிய மதிய உணவு வேகவைத்த பன்றி இறைச்சி. சைவக்காரர்கள் கையோடு தொக்கு எடுத்துப் போவது நல்லது.

பெடோச்சின் கடற்கரையையும் தவறவிடக் கூடாது. கடற்கரை நடுவே ஒரு வெள்ளைச் சுவர், தண்ணீருக்குள் வரை போகிறது. ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்களும் குழந்தைகளும். ஆஸ்திரிய காலத்து ஏற்பாடு. எடுத்துவிடலாம் என்றால் பெண்களே சம்மதிப்பதில்லையாம். அம்மாவும் அக்காவும் அந்தப் பக்கம் போனார்கள். நான் மொபைலில் சார்ஜும் இல்லாமல், செய்தித்தாள் படிக்கும் தாத்தாக்களோடு உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அப்பால் ஒரே சிரிப்புச் சத்தம்.

நான்காம் நாள் கால்வாய்ப் பாலத்தில் ஒரு வெண்கல மனிதரைப் பார்த்தோம். தொப்பி, கண்ணாடி, நடந்துபோகிற தோரணை. எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1904-ல் அயர்லாந்திலிருந்து வந்து, ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். வாடகை கட்ட முடியாமல் வீடு மாற்றி வீடு மாறியவர். 'யுலிஸிஸ்' நாவலை எழுதத் தொடங்கியதும் இங்கேதான். "ரெண்டு குழந்தைங்களும் இங்கதான் பொறந்தாங்க. மகள் லூசியா, 1907" என்றாள் அக்கா.

"அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று கேட்டார் அம்மா. நாவலைப் பற்றி அல்ல, மகளைப் பற்றி.

அக்கா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள். லூசியா நடனக் கலைஞர். இருபதுகளில் மனநோய் வந்தது. பல மருத்துவமனைகள். 1951-ல் இங்கிலாந்தில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1982-ல் இறக்கும்வரை அங்கேயேதான் இருந்தார்.

அம்மா விரல் விட்டு எண்ணினார். "முப்பத்தொரு வருஷம்" என்றார்.

மறுநாள், ரயிலில் இருந்து பார்த்த அந்த வெள்ளைக் கோட்டை, மிராமாரே. அக்காவின் ஆய்வு மையம் அதன் தோட்டத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பாகிஸ்தான் விஞ்ஞானி அப்துஸ் சலாம் 1964-ல் தொடங்கிய சர்வதேச கோட்பாட்டு இயற்பியல் மையம் அது. ஏழை நாடுகளின் விஞ்ஞானிகள் ஊரை விட்டு நிரந்தரமாகப் போகாமலே, சில மாதம் இங்கே வந்து உலகத்தோடு சேர்ந்து வேலை செய்துவிட்டுத் திரும்பலாம் என்பது அவர் யோசனை. வளரும் நாடுகளின் இளம் கணித அறிஞர்களுக்கு இந்த மையம் ராமானுஜன் பெயரில் பரிசு தருகிறது. 2006-ல் அதை வாங்கியவர் இந்தியாவின் சுஜாதா ராம்துரை. "எங்க ஊர்ப் பிள்ளை பேர்லயா!" என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

கோட்டையைக் கட்டியவர் ஹாப்ஸ்பர்க் இளவரசர் மாக்சிமிலியன். 1864-ல் மெக்ஸிகோவுக்குப் பேரரசராகக் கிளம்பிப் போனார். மூன்றே வருடத்தில் அங்கே சுட்டுக் கொன்றார்கள். அவரைக் காப்பாற்ற உதவி கேட்டு ஐரோப்பா வந்த மனைவி சார்லொட், அலைந்து அலைந்து மனம் கலங்கிப்போனார். இதே தோட்டத்தில் உள்ள சின்ன மாளிகையில் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 1927 வரை உயிரோடு இருந்தார்.

அம்மா அந்தச் சின்ன மாளிகையின் ஜன்னல்களைப் பார்த்தபடி நின்றார். படிக்கட்டில் செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டேன். வரவில்லை.

இங்கே எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரு தம்பி. எனக்குச் சின்ன மாமா. கும்பகோணம் வீட்டின் கொல்லைப்புற அறையில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். லீவுக்குப் போனால், தட்டை ஜன்னல் வழியாகக் கொடுப்பது சில நாள் என் வேலை. யாரும் கொடுமைக்காரர்கள் இல்லை. தாத்தாவுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான். நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது மாமா இறந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அவர் பேச்சே எழுந்ததில்லை.

"இந்த ஊர்ல அந்த மாதிரி ஆஸ்பத்திரி இருந்ததுன்னு சொன்னியே, அங்க போலாமா?" என்று அம்மாதான் கேட்டார்.

சான் ஜோவான்னி. குன்றுச் சரிவில் ஒரு பெரிய பூங்கா, மரங்களுக்கு நடுவே மஞ்சளும் வெள்ளையுமாகக் கட்டடங்கள், ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகள். பல்கலைக்கழக மாணவர்கள் புத்தகத்தோடு போகிறார்கள். 1908-ல் மனநல மருத்துவமனையாகத் திறந்த இடம் இது. 1971-ல் ஃபிராங்கோ பசாலியா என்ற டாக்டர் இயக்குநராக வந்தபோது சுமார் 1,200 பேர் உள்ளே இருந்தார்கள். இளைஞராக இருந்தபோது பாசிஸ்டுகளை எதிர்த்துச் சிறைக்குப் போனவர் அவர். மனநல மருத்துவமனைக்குள் முதலில் நுழைந்தபோது, அதே சிறையின் வாசனை அடித்தது என்பார். முன்பு வேலை பார்த்த கொரித்ஸியா ஊரில், கட்டிப்போட்ட நோயாளிகளின் பட்டியலில் கையெழுத்துக் கேட்டபோது மறுத்துவிட்டார்.

ட்ரியெஸ்தேயில் அவர் வார்டு கதவுகளைத் திறந்தார். நோயாளிகள் செய்த வேலைக்குச் சம்பளம் வரும்படி கூட்டுறவுச் சங்கம் உருவானது. அழுக்குத்துணி வண்டி இழுத்த மார்கோ என்ற கிழட்டுக் குதிரையை வெட்டுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்து, நோயாளிகள் மனுப் போட்டுக் காப்பாற்றினார்கள். பிறகு கலைஞர்களோடு சேர்ந்து, மரத்திலும் காகிதக் கூழிலும் பெரிய நீலக் குதிரை ஒன்றைச் செய்தார்கள். 1973 பிப்ரவரியில் அதை ஊர்வலமாக நகரத்துக்குள் கொண்டுபோகக் கிளம்பினால், குதிரை வாசலில் நுழையவில்லை. வாசலை இடித்துக்கொண்டு போனார்கள்.

1978 மே 13-ல் இத்தாலி நாடாளுமன்றம் நிறைவேற்றிய 180-வது சட்டம், நாடு முழுவதும் இத்தகைய மருத்துவமனைகளைப் படிப்படியாக மூடச் சொன்னது. பூங்காவின் ஒரு சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம் இன்னும் இருக்கிறது. "சுதந்திரம் நோயைத் தீர்க்கும்னு அர்த்தம்" என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

"பயமா இருக்காதா? ஏதாவது ஆயிட்டா?" என்றார் அம்மா.

ஆகியிருக்கிறது. கொரித்ஸியாவில் 1968-ல், ஒரு நாள் வீட்டுக்குப் போன நோயாளி மனைவியைக் கொன்றுவிட்டார். பசாலியா மீதும் வழக்கு வந்தது, விடுதலையானார். சட்டம் வந்த பிறகு, மாற்று ஏற்பாடு இல்லாத பல ஊர்களில் பாரம் முழுக்கக் குடும்பங்கள் மேல் விழுந்தது என்ற குறையும் உண்டு. ட்ரியெஸ்தேயில் மட்டும் கதவைத் திறந்துவிட்டதோடு நிற்கவில்லை. பகுதிவாரியாக, 24 மணி நேரமும் இயங்கும் மையங்களைத் தொடங்கினார்கள். சில படுக்கைகள் மட்டும் கொண்ட, வீடு மாதிரியான இடங்கள். நள்ளிரவில் முடியவில்லை என்றாலும் ஒரு கதவு இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒரு கதவு இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பூங்காவுக்குள்ளேயே ஒரு உணவகம், மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கும் வேலை தரும் கூட்டுறவு நடத்துவது. காபி சொன்னோம். கொண்டுவந்து வைத்த பெண்மணி, அம்மாவின் புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்து ஏதோ சொன்னார். அம்மா தமிழிலேயே பதில் சொன்னார். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

அவர் போன பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த ரூமுக்குத் தாழ்ப்பா வெளிப்பக்கம்தான். அப்பா போட்டது. ராத்திரி நான் போய் எடுத்து விடுவேன். அவன் வெளியில வரமாட்டான். கதவு தொறந்திருந்தா போதும், தூங்கிடுவான்."

அக்காவுக்கே இது தெரியாது.

கிளம்பும் நாள். திரும்பும் ரயிலில் இடது பக்க ஜன்னலை அம்மாவுக்காகப் பிடித்துக் கொடுத்தேன். அவர் சின்ன மாமாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். தெருவில் யார் வீட்டு ரேடியோ பழுதானாலும் அவர்தான் சரிசெய்வாராம். வாழைக்காய் பஜ்ஜி என்றால் உயிராம். பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் படித்தாராம். கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணு இருக்கு. பீரோவுல, என் பட்டுப்புடவைக்கு அடியில. ஊருக்குப் போனதும் எடுத்துத் தரேன், உன் போன்ல ஏத்தி வெச்சுக்கோ" என்றார்.

கடலைக் கடந்துவிட்டோம் என்பதை மொன்ஃபால்கோனே போர்டைப் பார்த்துத்தான் கவனித்தேன்.