கதவைத் திறந்த கிராமம்

பிரான்சு நாட்டின் நடுத்தெற்கே, ஏறக்குறைய 1,000 மீட்டர் உயர மேட்டுநிலத்தில், லெ ஷாம்போன் என்றொரு சிற்றூர் உண்டு. அந்நாளில் விவசாயமும் மாடுகளும் பலருக்குப் பிழைப்பு. குளிர்காலத்தில் பனி பாதையையே மூடிவிடும்.

அவ்வூரார் பெரும்பாலும் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள். 1685-இல் மன்னர் பதினான்காம் லூயி அவர்கள் சமயத்தைத் தடை செய்ததால், முன்னோர்கள் ஒளிந்தே வழிபட்டார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! 1940-இல் ஜெர்மனி பிரான்சை வென்றது. பிறகு யூதர்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். ஷாம்போனுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் ஓடிவந்தவர்களைக் குடியானவர்கள் தங்கள் வீடுகளில் ஒளித்து வைத்தார்கள். பொய்ப் பெயரில் அடையாளச் சீட்டும் தயாராகும். பிள்ளைகள் பள்ளிக்கூடமும் போவார்கள்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தருபவள் நான். என் மனம் ஒருவரிடமே நின்றுவிடுகிறது. டேனியல் டிரோக்மே என்ற வாத்தியார் அங்கே மாணவர் விடுதி நடத்தி வந்தார். 1943 ஜூனில் ஜெர்மன் போலீசார் விடுதிக்குள் புகுந்தபோது அவர் வேறிடத்தில் இருந்தார். தப்பியிருக்கலாம். மாணவர்கள் இருந்த இடத்துக்கே போனார். அவர்களோடு பிடிபட்டு, 1944-இல் மைதானெக் முகாமில் மாண்டார்.

1990-இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம், யூதரைக் காத்த தனி மனிதர்களுக்குத் தரும் மரியாதையை அந்த ஊருக்கே தந்தது.