எக்கியார்குப்பம் எந்த மேப்பில் இருக்கிறது?

சென்னையில் வேலை பார்க்கும் எந்த இளைஞரைக் கேட்டாலும், "மரக்காணமா? நல்லாத் தெரியுமே!" என்பார். பாண்டிச்சேரிக்கு பைக்கில் போகும்போது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்த ஊர். கடப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் தரை திடீரென்று பளபளக்கும். சதுரம் சதுரமாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளை வெள்ளையாகக் குவியல். வண்டியை நிறுத்தி இரண்டு செல்ஃபி, 'மினி காஷ்மீர்' என்று ஒரு ஸ்டேட்டஸ், அப்புறம் நேரே பாண்டிச்சேரி. திரும்பி வரும்போது எதையும் பார்க்கிற நிலைமையில் பலர் இருப்பதில்லை.

அந்த ரோட்டை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால் எக்கியார்குப்பம். மீனவர் குப்பம். மணலில் ஏற்றி நிறுத்திய ஃபைபர் போட்டுகள், நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரி செய்கிறவர்கள், வெயிலில் காயும் கருவாடு. செல்ஃபிக்காரர்கள் இங்கே வருவதில்லை. கருவாட்டு வாசனை ஸ்டேட்டஸில் தெரியாதே!

போன தடவை என் பின்னால் உட்கார்ந்து வந்த நண்பர், உப்பு பாக்கெட்டில்தான் விளைகிறது என்ற கருத்துடையவர். உப்பளத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கடல் தண்ணியை வெயில்ல வெச்சா தானா உப்பாயிடும். இதுல என்ன வேலை இருக்கு?" என்றார்.

ஆகிவிடும்தான். ஆனால் அதற்கொரு கணக்கு இருக்கிறது. உப்பு நீரின் அடர்த்தியை 'போமே' என்ற டிகிரியில் அளக்கிறார்கள். கடல் நீர் சுமார் 3 டிகிரி. அதைப் பெரிய பாத்தியில் தேக்கி, சுண்டச் சுண்ட அடுத்தடுத்த பாத்திக்கு மாற்றி, 25 டிகிரி வரை கொண்டுவர வேண்டும். அதற்கு முன்பே ஜிப்சம் அடியில் படிந்துவிடும். 25-ல் உப்பு பூக்கும். 30 வரை விட்டால் கசப்பு உப்புகள் சேர்ந்துவிடும். மிச்ச நீரை வெளியேற்றியாக வேண்டும். இதற்கு நடுவில் பாத்தியைச் செதுக்க வேண்டும், மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும், பலகையால் வார வேண்டும், கூடையில் சுமந்து வரப்பில் கொட்ட வேண்டும். மேலே வெயில், கீழே அதே வெயில் உப்பில் பட்டு முகத்தில் அடிக்கும். காலில் வெடிப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை இறங்கியதோ, அத்தனையும் கரைந்து வேலை பூஜ்யம். இந்த மழைக்கால மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது.

நண்பர் அப்புறம் பேசவில்லை. கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டார்.

இந்த ஊரைச் சுற்றி எத்தனை பேர் திட்டம் போட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் போதாது. உப்பு, அரசியல் சட்டப்படி மத்தியப் பட்டியலில் 58-வது இனம். உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் இருப்பது ஜெய்ப்பூரில். கடலே இல்லாத ராஜஸ்தானிலிருந்து நம்ம ஊர் உப்பைக் கவனிக்கிறார்கள். (அங்கே சாம்பார் ஏரி உப்பு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதம் எழுதுவீர்கள்.)

ஆந்திராவிலிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் மரக்காணத்தில்தான் முடிகிறது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு நிவாரண வேலை கொடுத்து அதில் சென்னைப் பகுதியை வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பிரபுவின் பெயர் கால்வாய்க்கு விழுந்தது. வெட்டினவன் பெயர் எந்தக் காலத்தில் கல்வெட்டில் ஏறியிருக்கிறது?

தெற்கே கழுவெளி ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம், 5,151 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் 'ராம்சார்' பட்டியலிலும் சேர்ந்தது. அது வனத்துறை. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில், அழகன்குப்பத்துக்கும் ஆலம்பரைக்குப்பத்துக்கும் இடையே 235 கோடி ரூபாயில் மீன்பிடித் துறைமுகம். அது மீன்வளத்துறை. பங்குனி ஆமை முட்டையிடும் கரை, சதுப்பு நிலம் என்று வழக்குப் போய், 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தி வைத்தது. ஒரே முகத்துவாரத்தில் ஒரு துறை பறவைக்கு வீடு பார்க்கிறது, இன்னொரு துறை படகுக்கு. ஆமைக்கு வக்கீல் உண்டு. அது தப்பில்லை, நல்லதுதான். மீனவனின் மகனுக்கு வீடு எங்கே என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2004 டிசம்பர் 26. சுனாமி. இந்தக் கரையையும் விடவில்லை. மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 30-ல் வருவாய்த்துறை ஓர் அரசாணை போட்டது, எண் 172. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் குடியிருப்பவர் தள்ளிப் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாயில் புது வீடு இலவசம். ஆனால் பழைய இடத்தை அரசிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக மாட்டேன் என்றால் இருக்கலாம், இருக்கிற வீட்டைத் தன் செலவில் ரிப்பேர் செய்துகொள்ளலாம், அரசு உதவி மட்டும் கிடையாது. 'கட்டாயமில்லை, ஆனால்...' என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தை ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல காரியமும் அதில் இருந்தது. வீடு கணவன் மனைவி இருவர் பேரிலும்.

கடற்கரை நெடுகக் கட்டின அந்த வீடுகளின் பரப்பு சுமார் 325 சதுர அடி. ஒரு குடும்பத்துக்குச் சரி. அந்தக் குடும்பத்தில் அப்போது பத்து வயசுப் பையன் ஒருவன் இருந்தானே, அவன் இன்று முப்பதைத் தாண்டியவன். கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கும். அவன் எங்கே வீடு கட்டுவான்? கிழக்கே கடல், 200 மீட்டருக்குள் கட்டுப்பாடு. மேற்கே போனால் உப்பளம், கழி, ரோடு. ரோட்டோரம் ரிசார்ட்காரர்கள் மனைக்கு ஏற்றிவிட்ட விலை. தள்ளி எங்காவது போகலாமே என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுவோம். அவனுக்குக் கடல்தான் ஆபீஸ். விடியலுக்கு முன் எழுந்து காற்றையும் தண்ணீரின் நிறத்தையும் பார்த்துத்தான் இன்றைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். அந்த ஆபீஸுக்கு பயோமெட்ரிக் கிடையாது, வொர்க் ஃப்ரம் ஹோமும் கிடையாது.

இதைச் சட்டம் எழுதினவர்கள் யோசிக்காமலில்லை. அதுதான் ஆச்சரியம். 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை 2011 ஜனவரியில் புதுப்பித்தபோது ஒரு நல்ல பகுதியைச் சேர்த்தார்கள். மீனவ கிராமங்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் காயவைக்கும் களம், ஐஸ் பிளான்ட், பள்ளிக்கூடம், ரோடு எல்லாவற்றையும் சர்வே நம்பர் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஊர் வளரும் என்பதைக் கணக்கில் வைத்து, மீனவரின் நீண்டகால வீட்டுத் தேவைக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும். அதாவது அந்தப் பத்து வயசுப் பையனுக்கும் ஒரு கட்டம் போட்டு வைக்கச் சொன்னது சட்டம்.

2018-ல் தமிழக வரைவு வரைபடங்கள் வெளிவந்தபோது மாவட்டம் மாவட்டமாகக் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் மீனவர்கள் எழுந்து நின்று கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எங்க ஊரு எங்கே? படகு நிறுத்துற இடம், வலை காயற இடம் எங்கே?" 2019-ல் அறிவிக்கை மறுபடி மாறியது. ஊரகக் கடற்கரையில் 2011 சென்சஸ்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்தால் தடை 50 மீட்டர்தான், குறைந்தால் பழையபடி 200. அதுவும் புது வரைபடம் ஒப்புதலான பிறகு. 2,160 பேர் இருக்கிற ஊரில் அவசரமாக ஒரு பிரசவம் பார்த்தால்கூடப் பயனில்லை, சென்சஸ் முடிந்துவிட்டது! 2023-ல் இந்தப் புது வரைவுக்குக் கூட்டம் போட்டபோதும் மீனவர்கள் கேட்டது அதே கேள்வியைத்தான்.

எக்கியார்குப்பம் என்ற பெயரை வெளியூர்க்காரர்கள் முதல்முறையாகக் கேட்டதும் அதே 2023-ல்தான். மே மாதம். மெத்தனால் கலந்த சாராயம். இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும், பக்கத்து செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். முதலமைச்சர் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம், சிகிச்சையில் இருந்தவருக்கு 50 ஆயிரம் அறிவிப்பு. சி.பி.சி.ஐ.டி. விசாரணை. அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் அறுபதைத் தாண்டிய பிறகு மதுவிலக்குச் சட்டத்தையே திருத்தி ஆயுள் தண்டனை வரை கொண்டுவந்தார்கள்.

'சாராயம் குடித்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்?' என்று அப்போது டீக்கடையிலும் ஃபேஸ்புக்கிலும் கேட்டவர்களில், வீக் எண்டில் அதே ரோட்டில் பாண்டிச்சேரிக்குப் போகிற நண்பர்களும் உண்டு. சீல் வைத்த பாட்டில் வாங்கக் காசு இருக்கிறவனின் பழக்கத்துக்கு நாம் டூர் என்று பெயர் வைத்திருக்கிறோம். எனக்கு உறுத்தியது வேறு. சாவுக்கு நிவாரணம் இரண்டே நாளில் கணக்குப் போட்டு வந்துவிட்டது. வர வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. உயிரோடு இருக்கிறவனின் வீட்டு மனைக்கான கணக்கு 2011-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் உள்ளூரில் பேசித் தீர்க்க வழியில்லையா? இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக. சோழமண்டலக் கடற்கரைக் குப்பங்களில் பரம்பரையாக ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. வலைச் சண்டை, திருவிழா வரி, கடலில் காணாமல் போனவரைத் தேடப் படகு அனுப்புவது எல்லாம் அங்கேதான். சுனாமி நிவாரண லிஸ்ட்டும் பல ஊர்களில் அதன் வழியாகவே போனது. கட்டுப்பாடான அமைப்பு. ஆனால் பெண்களுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. கருவாடு காயவைக்கிறவர், கூடை தூக்கி விற்கிறவர், உப்பு வாரப் போகிறவர் பெண்களாயிற்றே! களம் எங்கே வேண்டும், கழிப்பறை எங்கே வேண்டும் என்று அவர்களைக் கேட்காமல் போடுகிற வரைபடம் பாதி வரைபடம்தான்.

இன்னொன்று அரசாங்கப் பஞ்சாயத்து. 73-வது திருத்தத்தையொட்டி வந்த 1994 சட்டப்படி கிராம சபை. 2022 முதல் வருஷத்துக்கு ஆறு முறை. பேரூராட்சிப் பகுதி என்றால் பகுதி சபா. ஜனவரி 26, மே 1 என்று பெரும்பாலும் லீவு நாளாகப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு லீவு, நல்ல வெயிலில் உப்பு வாருகிறவருக்கு லீவு ஏது? வந்தவர்கள் கையெழுத்துப் போட்டால் தீர்மானம் பாஸ். சாலை, விளக்கு, குடிநீர் பற்றி அங்கே பேசலாம். கடற்கரையில் கோடு எங்கே விழுகிறது என்பதும் அங்கேதான் முதலில் பேசப்பட வேண்டும் என்பது என் கட்சி. 'எங்கள் ஊரின் பொது இடங்கள் இவை' என்று சர்வே நம்பரோடு ஒரு தீர்மானம் போட்டு வைத்திருக்கிற ஊரை வரைபடத்தில் விட்டுவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

அதே 2011 அறிவிக்கையில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. கலெக்டர் தலைமையில் மாவட்டக் கடற்கரைக் குழு. அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர். மாவட்டத்தின் அத்தனை குப்பத்துக்கும் சேர்த்து மூன்று நாற்காலி. அந்த நாற்காலியில் உட்கார எக்கியார்குப்பத்திலிருந்து ஒருவர் கிளம்பினால், மரக்காணத்தில் பஸ் பிடித்துத் திண்டிவனம், அங்கே மாறி விழுப்புரம். சுமார் 70 கிலோமீட்டர். மீட்டிங் காலை பதினொரு மணிக்கென்றால் அன்றைக்குக் கடலுக்குப் போக முடியாது. அந்த ஒருநாள் வரும்படியை யார் தருவார்கள் என்று அறிவிக்கையில் தேடிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டியும் கிடைக்கவில்லை.