கழுவினால் போதுமா?

இன்று வுழூச் செய்தபோது கால்களைக் கழுவினீர்கள். பார்த்தீர்களா? நாளைக்கு ஐந்து தடவை கழுவுகிறோம். ஒரு தடவையாவது குனிந்து உள்ளங்காலைப் பார்ப்பதில்லை. இதை நான் படித்தது என் உம்மாவின் காலில்தான்.

மன்னாரிலிருந்து சிலாவத்துறைக்குப் போகும் பக்கம் இருக்கிறது நறுவிலிக்குளம். அங்கே வாப்பா குத்தகைக்கு வயல் செய்தார்கள். உம்மா களை பிடுங்கப் போவார்கள். திரும்பி வரும்போது விரல் இடுக்கெல்லாம் ஊறி வெளுத்துச் சேற்றுப்புண்ணாக இருக்கும். மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிக்கொண்டு மறுநாளும் போவார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பிள்ளைகளைச் சுமந்து நடந்த கால்களும் அவைதான்.

2009இல் யுத்தம் முடிந்து, நாங்கள் ஊர் திரும்பியபோது உம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து பல வருஷம். "கால் விறைக்குது மகள், வயசு போயிட்டுது" என்பார்கள். நானும் அப்படியே நினைத்தேன். ஒருநாள் பழைய வயலைப் பார்க்கக் கூட்டிப் போனேன். பழைய பழக்கத்தில் செருப்பை வரம்பில் கழற்றிவிட்டு நடந்தார்கள். உடைமுள் ஏறியது அவர்களுக்குத் தெரியவே இல்லை. நாலு நாள் கழித்துத் தொழுகைப் பாயில் செந்நிறக் கறை. மருதோன்றிச் சாயம் என்று நினைத்துக் கழுவிப் போட்டேன். வாடை வந்த பிறகுதான் காலைத் தூக்கிப் பார்த்தோம். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

சீனி கூடி நாட்பட்டால் நரம்பு மரத்துப் போகிறது. முள் குத்தினாலும் சுட்டாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறாது. வலி இல்லாததுதான் ஆபத்து என்று டாக்டர் விளங்கப்படுத்தினார்.

ஆகவே சகோதரிகளே, வுழூவில் விரல்களுக்கிடையே கோதிக் கழுவும் சுன்னத்தை விட்டுவிடாதீர்கள். பிறகு அந்த இடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். நோயுள்ளவர் துடைப்பதில் குறையேதும் இல்லை. ஈரம் தங்கினால்தான் சேற்றுப்புண் வரும். வந்துவிட்டால் பூஞ்சணக் களிம்பை, புண் மறைந்த பின்னும், டாக்டர் சொன்ன நாள் வரை பூசுங்கள்.

பித்தவெடிப்புக்கு இரவில் காலைக் கழுவித் துடைத்து, குதிகாலில் வாசலின் தடவிப் பருத்திக் காலுறை போடுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரங்களைத் தோண்டாதீர்கள். கால் ஆணியைப் பிளேட்டால் சீவவே கூடாது.

சீனி வருத்தம் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் செருப்போடு நடக்க வேண்டும். செருப்பை உதறிப் பார்த்துப் போட வேண்டும். சுடுநீரில் காலை ஊற வைக்கக் கூடாது. கொப்புளமோ நிறமாற்றமோ சிறு கீறலோ கண்டால் கைவைத்தியம் பார்த்துக் கொண்டிராமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது கிளினிக்கில் காலைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கட்டுப் போட்ட காலை வுழூவுக்காக அவிழ்த்து நனைக்க வேண்டாம். மார்க்கத்தில் அதற்குச் சலுகை உண்டு; ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் இஷாவுக்குப் பிறகு என் மகள் ஒரு சின்னக் கண்ணாடியோடு உம்மும்மாவின் காலடியில் உட்கார்ந்து விடுவாள். "என்ன புள்ள, என்ட காலில என்ன கிடக்கு?" என்று உம்மா கூச்சப்படுவார்கள். மூன்று நிமிஷ வேலை. அந்த மூன்று நிமிஷத்தை நான் அன்றைக்கே செலவழித்திருந்தால் அந்த இரண்டு விரல்களும் இருந்திருக்கும்.

இன்றிரவே உங்கள் உம்மாவின், மாமியின் கால்களை எடுத்துப் பாருங்கள். உங்கள் கால்களையும்தான். அல்லாஹ் நம் அனைவருக்கும் சுகத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.